நீலப் புள்ளி வைத்த மாப்பிள்ளைகள்

ஆண்டவன் படைத்ததை எல்லாம் ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார்த்து, காதைச் சாய்த்துக் கேட்டு, "செகண்ட்ஸு" என்று ஒதுக்கிவிடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் விருத்தாசலத்தில், பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவுக்கு அவர் செகண்ட்ஸ் அண்ணன்.

ஒரு பீங்கான் கம்பெனியில் அவருக்குத் தரம் பிரிக்கும் வேலை. சூளையிலிருந்து இறங்கும் ஊறுகாய் ஜாடி, டீ கப்பு, பொம்மை எல்லாம் அவர் முன்னால் வரும். காசால் ஒரு தட்டு. 'ணங்' என்று கேட்டால் ஃபர்ஸ்ட்டு. 'டொக்' என்று கேட்டால் உள்ளே எங்கோ விரிசல், அது செகண்ட்ஸு. கோணல், கறை, நிறம் மாறியது எல்லாமும் செகண்ட்ஸு. அண்ணன் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் காசு மட்டும் ஓய்வு பெறவில்லை.

தர்பூசணியைத் தட்டுவார், சரி, நாமும் தட்டுவோம். புதுவீடு கட்டினவர் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் தரையில் உட்கார்ந்து டைல்ஸைத் தட்டுவார். தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, பெரியவர் ஒருவர் இருக்கட்டும் என்று இவரைக் கூப்பிட்டுத் தொலைத்தார்கள். மாப்பிள்ளை பைக்கில் வந்து இறங்கினார். அண்ணன் எழுந்து போய் மட்கார்டைத் தட்டினார், பிறகு ஹெல்மெட்டைத் தட்டினார். ஹெல்மெட் அப்போது மாப்பிள்ளையின் தலையில் இருந்தது. உள்ளே இருந்து சத்தம் சரியாக வரவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முறிந்து, அந்தப் பெண் இப்போது பாண்டிச்சேரியில் நல்ல மாப்பிள்ளையோடு சௌக்கியமாக இருக்கிறாள் என்பது வேறு விஷயம். அதற்கும் தாமே காரணம் என்று அண்ணன் சொல்லிக்கொள்கிறார்.

இவ்வளவு பேசுகிற மனிதர் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். கம்பெனியில் கழித்துப் போட்டதைத்தான் தொழிலாளிகள் வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். காது கோணலான கப்பு, வாய் வளைந்த ஜாடி, ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் போன செட்டியார் பொம்மை. அந்த வீட்டில் டீ குடிக்க வேண்டுமானால் கப்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அண்ணனுக்குத் தன் அலமாரியே தெரியாது.

அவர் மனைவி அஞ்சலாட்சி அக்கா அதே கம்பெனியில் பொம்மைக்குக் கண் வரைந்தவர். அவர் வரைந்து அனுப்பிய பொம்மைகளை எல்லாம் தட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பியவரையே கட்டிக்கொண்டார். இப்போது அக்கா வைக்கிற ரசத்தைத் தினமும் ஒரு வாய் குடித்துவிட்டு, "செகண்ட்ஸு" என்பார். அக்கா இன்னொரு கரண்டி ஊற்றுவார்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. நான் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் வேலை செய்கிறேன். அண்ணனுக்கு நான் பார்சல் மேடம். என் தம்பி மங்களூரில் விவசாயம் செய்கிறான். மங்களூர் என்றதும் கடலும் மீனும் ஞாபகம் வந்தால் தப்பு, இது திட்டக்குடிப் பக்கத்து மங்களூர். அவன் தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறான். எனக்கும் மாடியில் வைக்க ஒரு பெட்டி கொடுத்தான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் அண்ணனிடம் ஏற்கெனவே தேனீ இருந்தது. மூடிக் கிடந்த ஒரு பழைய சூளையின் புகைபோக்கிக்குள் ஒரு கூட்டம் கூடு கட்டியிருந்ததை யாரோ சொல்ல, இவர் போய்ப் பெட்டியில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். சாதாரண அடுக்குத் தேனீ. முந்திரித் தோப்பிலும் கிணற்றுப் பொந்திலும் பார்க்கிற அதே தேனீ. ஆனால் அண்ணன் அதற்கு 'சூளை வம்சம்' என்று பெயர் வைத்துவிட்டார். உலகத்திலேயே சூளையில் பிறந்த தேனீ இதுதான், வெந்த ஜாடி மாதிரி உறுதியானது, இதில் வேறு ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்த ஒரு பெட்டியைப் பிரித்துப் பிரித்து வீட்டுக் கொல்லை முழுக்கப் பெட்டியாக வைத்தார்.

என் மாடிக்கு வந்து என் பெட்டியைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"எந்த ஊரு சரக்கு?"

"மங்களூருங்க."

"அதான் பாத்தேன். செகண்ட்ஸு" என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஒரு கோரிக்கையோடு வந்தார். அவர் பெட்டியில் புது ராணி பிறந்திருக்கிறதாம். மதியம் வெயிலில் அது வெளியே பறந்து போய் ஆகாயத்தில் ஆண் தேனீக்களோடு சேர்ந்துவிட்டு வரும். அந்த நேரத்தில் என் பெட்டியின் ஆண் தேனீக்கள் தெருவில் சுற்றக் கூடாது. பெட்டி வாசலுக்கு ஒரு தகடு கொடுத்தார். அதன் சின்ன ஓட்டையில் வேலைக்காரத் தேனீ போகலாம், உடம்பு பெருத்த ஆண் தேனீ போக முடியாது. என் வீட்டுப் பையன்களுக்கு ஊரடங்கு.

நான் சும்மா இருந்திருக்கலாம். தம்பி சொல்லிக் கேட்டதை எடுத்து விட்டேன். ஒரு ராணி ஒரே ஆண் தேனீயோடு நிற்பதில்லை, பத்துப் பன்னிரண்டு பேரோடு சேர்ந்துவிட்டுத்தான் வீடு திரும்பும் என்றேன். அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"உங்க ஊரு ராணி அப்படி இருக்கலாம் மேடம். எங்க ராணி அந்த மாதிரி கெடையாது."

அதோடு விட்டேனா? ஆண் தேனீ கருவுறாத முட்டையில் பிறப்பது, அதற்கு அம்மா உண்டு, அம்மா வழித் தாத்தா உண்டு, அப்பா மட்டும் கிடையாது என்றேன். வம்சம் வம்சம் என்று பேசுகிறீர்களே, உங்கள் வம்சத்துப் பையன் ஒருத்தனுக்கும் அப்பன் பெயர் இல்லையே என்றேன். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் தகடு போட்டிருக்கிறதா என்று தினமும் தெருவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தொல்லை தாங்காமல் நானும் போட்டு வைத்தேன்.

அடுத்த வீட்டு மீட்டர் பெட்டிக்குள் ஒரு தேனீக் கூட்டம் இருந்தது. குழந்தைகளைக் கொட்டிவிடும் என்று கிளப்பிவிட்டு, அதைப் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட வைத்தார். முந்திரி பூக்கிற காலத்தில் ஒருவர் லாரியில் இத்தாலியத் தேனீப் பெட்டிகள் கொண்டு வந்து தோப்புக்குத் தோப்பு வைப்பது வழக்கம். அந்த லாரியை மறித்து, இத்தாலிக்காரனை ஊருக்குள் விட மாட்டேன் என்று அண்ணன் ரோட்டில் நின்றார். அந்த இனம் வேறு, இந்த இனம் வேறு, ரெண்டும் சேர்ந்தால் குஞ்சே பொரிக்காது என்று லாரிக்காரரே தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அண்ணன் லாரியின் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வழி விட்டார்.

இத்தனையும் போதாமல்தான் நீலப் புள்ளி வந்தது. பீங்கானுக்குப் போடும் நீலத்தைக் கோந்தில் குழைத்து, தன் ஆண் தேனீ ஒவ்வொன்றையும் பிடித்து முதுகில் ஒரு பொட்டு வைத்தார். ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது, கொட்டாது. ஆகவே அண்ணனின் வீரத்துக்குக் குறைவில்லை. புள்ளி இருந்தால் நம்ம ஆள். இல்லையென்றால் அந்நியன். மதியமானால் ராணிப் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்காருவார். ஆண் தேனீ ஊர் சுற்றி, எந்தப் பெட்டி கிட்டத்தில் இருக்கிறதோ அதில் நுழையும் ஜாதி. புள்ளியில்லாத ஒன்று அவர் வாசலுக்கு வந்துவிட்டால் போதும், இடுக்கியால் தூக்கி எறிந்துவிட்டு, அன்றைக்கு ராணி வெளியே போகாதபடி தகட்டைப் போட்டு மூடிவிடுவார்.

ஆனால் அவருடைய பையன்கள் மட்டும் வீட்டோடு இருந்தார்களா? நான் தகட்டைப் போட மறந்த ஒரு நாளில், நீலப் பொட்டோடு என் மாடிப் பெட்டிக்குள் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீக்கடை ஷட்டர் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. எங்கள் பார்சல் ஆபீஸில் கட்டி வைத்த ஜாடிக் கூடை மேல் ஒன்று வந்து இறங்கியது. அனுப்புநர் யார் என்று தெளிவாகத் தெரிந்த ஒரே பார்சல் அன்றைக்கு அதுதான்.

ஓரிரண்டு வருஷம் ஓடியது. அண்ணன் பெட்டிகளில் கூட்டம் மெலிய ஆரம்பித்தது. அடையில் புழு வரிசையாக இருக்க வேண்டிய இடத்தில் பாதி அறை காலி. அண்ணன் செல்போன் டவரைத் திட்டினார். ரயில் அதிர்வு என்றார். என் வீட்டுத் தாளிப்பு வாசனை என்றுகூடச் சொன்னார். என்னைப் பார்க்க வந்த தம்பி, அவர் கொல்லைக்குப் போய் ஒரு அடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டு வந்தா இப்படித்தாங்க ஆவும். பொண்ணா பொறக்க வேண்டிய முட்டையில பாதி ஒண்ணுத்துக்கும் ஆகாத ஆணா போவுது. அதை வேலைக்காரத் தேனீங்களே தின்னுடும். பல அப்பன் புள்ளைங்க இருந்தாத்தான் பெட்டி நிக்கும். ஒருத்தன் புள்ளைங்க வெக்கை தாங்கும், ஒருத்தன் புள்ளைங்க நோவு தாங்கும்."

அண்ணன் வாசலுக்குப் போனார். தம்பியின் பைக்கைத் தட்டி அதன் தரத்தை மட்டும் அறிவித்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் பெண் எடுக்கிற விஷயத்தில் இந்தத் தகட்டையும் நீலப் புள்ளியையும் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இடுக்கி இல்லை, நாக்கு இருக்கிறது. ஸ்டூல்கூட வெளியே தெரியும்படி போட்டுக்கொள்ள மாட்டார்கள். அண்ணன் அந்த அளவுக்கு யோக்கியர்.

பெட்டி ஒவ்வொன்றாகக் காலியானது. கடைசியாக ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது. அதில் ஒரு புது ராணி பிறந்தது. அதற்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அப்போதுதான் ஒருநாள் அஞ்சலாட்சி அக்கா பார்சல் ஆபீஸுக்கே வந்துவிட்டார். எடை போடுகிற மேடையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நேத்து ரசத்தைக் குடிச்சாரு. ஒண்ணுமே சொல்லல."

"நல்லாருந்திருக்கும்க்கா."

"உப்பே போடல. வேணும்னுதான் போடாம வெச்சேன். குடிச்சிட்டு எழுந்து போயிட்டாரு. காசு டிவி மேல கெடக்குது, ரெண்டு நாளா தொடல. அந்தப் பொட்டியும் போச்சுன்னா உங்கண்ணன் என்னாவாருன்னு எனக்கு பயமா இருக்குது."

எனக்கும் பயம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மனிதர் எதையும் தட்டாமல் தெருவில் நடந்து போவதை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். என்னவோ கரண்ட் போன வீடு மாதிரி இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். இந்த ராணி மறுபடியும் சொந்தக்காரனையே கட்டினால் அந்தப் பெட்டி தேறாது, வேற்று ஊர் ஆண் தேனீ வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும், நாள் கடந்துவிட்டால் அந்த ராணி எதற்கும் ஆகாது என்றான். உன் ஒரு பெட்டி போதாது, ஆண் தேனீ நிறைய இருக்கிற இரண்டு பெட்டிகளை ராத்திரி பஸ்ஸில் அனுப்பி வைக்கிறேன் என்றான். ஆனால் வாசலில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறாரே. புள்ளியில்லாத மூஞ்சி ஒன்று தென்பட்டால் ராணியை உள்ளே வைத்து மூடிவிடுவாரே. நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அக்கா ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"புள்ளிதான தங்கச்சி பிரச்சினை?"

அண்ணன் காலையில் பழமலைநாதர் கோயிலுக்குப் போய்விட்டு, டீக்கடையில் பேப்பர் முழுவதையும் படித்துக் குறை சொல்லிவிட்டு வர எப்படியும் நேரமாகும். அந்த நேரத்தில் என் மாடியில் அக்காவின் பட்டறை நடந்தது. நான் மங்களூர் ஆண் தேனீயை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுப்பேன். அக்கா பொம்மைக்குக் கண் வைக்கிற பழைய தூரிகையால், அண்ணன் குழைத்து வைத்திருந்த நீலத்தையே திருடி வந்து, ஒரே தொடுதலில் ஒரு புள்ளி வைப்பார். அசையாதீங்கடா, மாப்பிள்ளைகளா, என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கட்டினவரை ஏமாற்றுகிறோமே என்று அக்காவுக்கு உறுத்தவில்லையா என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேன்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? இது பொய்கூட கெடையாது. பொட்டு" என்றார்.

மதியம் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் லீவு போட்டுவிட்டு மாடியில் துணி காயப்போடுகிற மாதிரி நின்றேன். ஒரே துணியை எத்தனை தடவை காயப்போட முடியும்? ஒரு ஆண் தேனீ வந்து அவர் பெட்டி வாசலில் இறங்கியது. அண்ணன் இடுக்கியை எடுத்தார். குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நீலம் இருந்தது. இடுக்கியைக் கீழே வைத்தார். அடுத்தது வந்தது. அதையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே ராணிப் பெட்டியின் தகட்டை உருவி எடுத்துவிட்டு, நிமிர்ந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ராணி பறந்தது, திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் அடையில் ஒரு அறைகூடக் காலியில்லாமல் புழு நிறைந்தது. பெட்டி இரண்டானது, நாலானது. அண்ணனின் காசும் சட்டைப் பைக்குத் திரும்பி வந்தது. ரசம் மறுபடியும் செகண்ட்ஸ் ஆனது. அக்கா எனக்கு ஒரு கிண்ணம் கேசரி கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பிறகு அண்ணன் அடித்த கொட்டத்தைத்தான் தாங்க முடியவில்லை. தேனீயைப் பார்க்க ஒருமுறை காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சூளை வம்சம், சுத்த ரத்தம், கலப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஒரு மணி நேரம் முழங்கினார். பெட்டிக்குள் கறுப்பாகச் சில தேனீயும் மஞ்சளாகச் சில தேனீயும் தாயாதி பங்காளி எல்லாம் சேர்ந்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. ஏன் ஐயா இத்தனை நிறம் என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். சூளையில் தீ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எரியுமா, நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா ஒன்றுமே தெரியாதவர் போல எல்லோருக்கும் கோணல் கப்பில் டீ கொடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த முந்திரிப் பூ வந்தது. ஒருநாள் காலையில், கோயிலில் இருக்க வேண்டிய நேரத்தில், அண்ணன் என் வாசலில் நின்றார். கையில் வாய் வளைந்த ஒரு சின்ன ஜாடி.

"உங்க தம்பிக்கு ஒரு போன் போடுங்க மேடம். ரெண்டு பொட்டி அனுப்பச் சொல்லுங்க. புது ராணி வந்திருக்குது. நீலம் கொழைச்சிக் கொண்டாந்துட்டேன்."

எந்தப் பெட்டி, என்ன நீலம் என்று உளறினேன். அண்ணன் ஜாடியை வாசற்படியில் வைத்தார்.

"நான் வெக்கிற புள்ளி வழிஞ்சி ரெக்கையில ஒட்டும். அன்னிக்கி வந்ததுல ஒண்ணுகூட வழியல. எல்லாம் கண்ணு. இத்தினி வருஷமா அவ வெச்ச கண்ணைப் பாத்துப் பாத்துக் கழிச்சவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏங்கண்ணே சும்மா இருந்தீங்க?"

"பாத்துட்டேன்னு சொல்லியிருந்தா எடுத்து எறியணும் இல்ல? அவ வெச்சதை எத்தினி தடவைதான் எறியறது?" ஜாடியை என் பக்கம் நகர்த்தினார். "அவகிட்ட சொல்லாதீங்க. அவ வெச்சிட்டுப் போவட்டும்."

மாடிப்படி ஏறிப் போய் என் மங்களூர்ப் பெட்டியைக் காசால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். உள்ளே கூட்டம் ரீங்காரமாகப் பதில் சொன்னது. எனக்கு ஒரு நப்பாசை, இன்றைக்காவது அந்த வாயிலிருந்து வேறு வார்த்தை வராதா என்று.

"செகண்ட்ஸுதான்" என்றார் அண்ணன். இறங்கும்போது படியில் நின்று திரும்பினார். "ஆனா வூட்டுல வெச்சிப் பொழங்கறதெல்லாம் அதுதான மேடம்."

இப்போதும் தினமும் ஒருமுறை வருகிறார். என் கேட்டைத் தட்டுவார், தண்ணீர் டிரம்மைத் தட்டுவார், "செகண்ட்ஸு" என்பார். எனக்குக் கோபம் வருவதில்லை. உள்ளே வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் அண்ணே என்று கூப்பிடுகிறேன்.